ஒரு பந்து... ஒரு ஷிப்ட் சம்பளம்! கால்ஃப் பந்து வாங்கும் முன் இதைப் படிங்க

வாங்கும் முன்... - வாரம் ஒரு பொருள்

இந்தப் பகுதியில் மிக்ஸி பார்த்தோம், இன்வெர்ட்டர் பார்த்தோம், செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டி பார்த்தோம். கால்ஃப் பந்து பற்றி எழுத வேண்டி வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. 'எங்க வீட்டுல யாரு கால்ஃப் ஆடறாங்க?' என்று நீங்கள் அடுத்த பக்கத்துக்குத் தள்ளும் முன் ஒரு நிமிடம். இதில் நம்ம திருப்பூர்ப் பையன் ஒருவனின் பர்ஸும் மானமும் மாட்டிக்கொண்ட கதை இருக்கிறது. கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

போன மாதம் ஒரு போன் வந்தது. பேசியவர் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வயது 24.

"அக்கா, கால்ஃப் பந்து எது வாங்கறதுன்னு ஒரு தடவ எழுதுங்க்கா. நான் ஏமாந்த மாதிரி இன்னொருத்தன் ஏமாறக் கூடாதுங்க்கா. எம் பேரு மட்டும் போட்டுறாதீங்க்கா!"

பேர் போடவில்லை தம்பி. ஆனால், மற்றதையெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

ஏழு பந்து போன ஞாயிற்றுக்கிழமை

தம்பியின் கம்பெனியில் தைப்பது காலர் வைத்த டி-ஷர்ட். கால்ஃப் ஆடுகிறவர்கள் போடுவார்களே, அதேதான். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரில் இருந்து போகிறது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் பச்சைப் புல்வெளியில் நின்று ஒருவர் பந்தை அடிக்கும்போது, அவர் தோளில் கிடப்பது அவிநாசி ரோட்டிலோ பி.என். ரோட்டிலோ தைத்த துணியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தத் துணியைத் தைக்கும் நம்மில் பெரும்பாலானோர் கால்ஃப் பந்தைக் கையில் எடுத்துப் பார்த்ததுகூட இல்லை.

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவிகித வரி போட்டது. அதன்பின் திருப்பூர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். தம்பியின் கம்பெனியிலும் ஆர்டர் குறைந்தது. வேறு நாட்டுப் பையர்களைத் தேட ஆரம்பித்தார்கள். அப்படி ஒருவர் கம்பெனியைப் பார்க்க வந்தார். மனிதர் கால்ஃப் பைத்தியம். தம்பியின் முதலாளியும் ஆடுபவர்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை நீயும் வா. கால்ஃப் டி-ஷர்ட் தைக்கிறவனுக்குக் கால்ஃப் தெரியலைன்னா எப்படி?" என்று முதலாளி சொல்லிவிட்டார். கையில் இருந்தது இரண்டு வாரம். காலையில் நாலைந்து முறை பயிற்சிக்குப் போனார். அடிக்கும் ஸ்டிக்கெல்லாம் முதலாளி கொடுத்தது. பந்தாவது சொந்தமாக இருக்கட்டும் என்று ஆன்லைனில் தேடி, இருப்பதிலேயே விலை கூடியதாக ஒரு டஜன் வாங்கினார். கிரெடிட் கார்டில் 5,000 ரூபாய்.

"பெட்டியில நாலு சின்ன டப்பா இருந்துச்சுங்க்கா. ஒவ்வொண்ணுலயும் மூணு பந்து. அதுக்குப் பேரு ஸ்லீவாம். நம்ம ஊர்ல ஸ்லீவுன்னா டி-ஷர்ட்டோட கை! பந்து மேல 1, 2, 3, 4-னு நம்பர் வேற. எஸ், எம், எல், எக்ஸ்.எல். மாதிரி சைஸ்னு நெனச்சுட்டேன்."

சிரிக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது வெறும் அடையாள எண். ஒன்றாக ஆடுகிற இரண்டு பேர் ஒரே பிராண்டு பந்து வைத்திருந்தால் எது யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதற்காக.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் ஹோலிலேயே முதல் பந்து வலதுபுறம் மரங்களுக்குள் போனது. கால்ஃப் விதிப்படி பந்தைத் தேட 3 நிமிடம்தான். அதற்குள் கிடைக்காவிட்டால் அது தொலைந்த பந்து. ஒரு அடி அபராதமும் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு, பழைய இடத்துக்கே திரும்பி வந்து வேறு பந்தை அடிக்க வேண்டும். ஒன்பது ஹோல் முடிவதற்குள் ஏழு பந்து போய்விட்டது. டஜன் 5,000 என்றால் ஒரு பந்து கிட்டத்தட்ட 420 ரூபாய். ஏழு பந்துக்கு 2,900 ரூபாய்க்கு மேல்.

"எங்கம்மா பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்காங்க்கா. ஒரு ஷிப்ட்டுக்கு 420 ரூபா. பந்தும் அதே வெல. ஒவ்வொண்ணு தொலையறப்பவும் எங்கம்மா நின்னு வேலை பாத்த ஒரு நாள் புதருக்குள்ள போற மாதிரி இருந்துச்சு. அடுத்த பந்த அடிக்கவே கை வரல."

இந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

பார்த்தே தீருவது என்று கிளம்பினேன்

திருப்பூர்க்காரர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் 18 ஹோல் மைதானம், கோவை செட்டிபாளையத்தில் உள்ள கோயம்புத்தூர் கால்ஃப் கிளப். பல்லடம் பக்கமாகப் போய்விடலாம். கோவைப் பக்கம் இருபது வருடங்களாக கேடி வேலை பார்க்கும் ஓர் அண்ணனைப் பிடித்து, ஒரு சனிக்கிழமை காலையில் சந்தித்தேன். கேடி என்றதும் போலீஸ் லிஸ்ட்டில் இருக்கும் கேடி என்று நினைக்காதீர்கள். ஆடுபவரின் பையைத் தூக்கி, எந்த ஸ்டிக்கை எடுக்கலாம், காற்று எந்தப் பக்கம், தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று யோசனை சொல்பவர்.

"பந்தப் பத்தி எழுதறீங்களா அம்மணி? நல்லா எழுதுங்க. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு ஆட்டத்துக்குப் பந்து வாங்கறதில்ல, கௌரவத்துக்கு வாங்கறாங்க" என்றபடி பையிலிருந்து மூன்று பந்துகளை எடுத்துப் புல்லில் போட்டார்.

பந்துக்குள்ளே என்ன இருக்கு?

மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. இருக்கத்தான் செய்யும். விதிப்படி பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. அளவிலும் எடையிலும் ஒரு எலுமிச்சம்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே 300-லிருந்து 400 வரை சின்னச் சின்னக் குழிகள். இந்தக் குழிகள் அழகுக்காக இல்லை. பந்தைச் சுற்றி ஓடும் காற்றை ஒட்டிப் பிடித்து, பின்னால் இழுக்கும் விசையைக் குறைப்பவை. குழி இல்லாத வழவழப் பந்து ஏறக்குறைய பாதித் தூரம்தான் போகும்.

இந்தக் குழி வந்த விதமே சுவாரஸ்யம். 1848 வாக்கில் கட்டா பெர்ச்சா என்ற மரப்பாலில் வழவழவென்று பந்து செய்தார்கள். அடிபட்டு, கீறல் விழுந்த பழைய பந்து புதுப் பந்தைவிட நேராகவும் தூரமாகவும் பறப்பதை ஆடியவர்கள் கவனித்தார்கள். அப்புறம் வேண்டுமென்றே பள்ளம் போட ஆரம்பித்தார்கள். 1890-களின் கடைசியில் அமெரிக்காவின் கோபர்ன் ஹாஸ்கெல், ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றிச் சுற்றி ஒரு பந்து செய்தார். கோனில் நூல் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது புரியும். அந்த நூல் பந்துதான் சுமார் 100 ஆண்டுகள் ராஜ்ஜியம் நடத்தியது. 2000-ல் டைட்டிலிஸ்ட் நிறுவனத்தின் புரோ வி1 வந்த பிறகு, பெரிய போட்டிகளில் நூல் பந்து காணாமல் போனது.

இன்றைக்குக் கடையில் கிடைப்பவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

* டூ பீஸ் பந்து: உள்ளே ஒரு ரப்பர் உருண்டை, மேலே கெட்டியான ஓர் உறை. உறை பெரும்பாலும் சர்லின் போன்ற கெட்டி பிளாஸ்டிக். லேசில் கிழியாது. விலை குறைவு.

* த்ரீ பீஸ், ஃபோர் பீஸ் பந்து: ரப்பருக்கும் உறைக்கும் நடுவில் இன்னும் ஓரிரு அடுக்கு. இதில் விலை கூடியவற்றுக்கு மேல் உறை யூரித்தேன். மெல்லியது, மிருதுவானது, ஸ்டிக்கின் முகத்தில் இருக்கும் வரிகளைப் பிடித்துக்கொள்ளும்.

துணி வாங்கும்போது நூல் கவுண்ட் என்ன, ஜி.எஸ்.எம். என்ன, ஃபினிஷிங் என்ன என்று கேட்போம் இல்லையா? பந்துக்கும் அதே மூன்று கேள்விதான். எத்தனை அடுக்கு, எவ்வளவு கெட்டி, மேல் உறை என்ன.

தூரம்: காசு கொடுத்தால் கிடைக்குமா?

பெட்டியில் 'லாங் டிஸ்டன்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். உண்மை என்னவென்றால், பந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கே விதி இருக்கிறது. கால்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யு.எஸ்.ஜி.ஏ. என்ற இரண்டு அமைப்புகளும் பந்துகளைச் சோதிக்கின்றன. இந்தச் சோதனையில் பல ஆண்டுகளாக இருந்துவரும் வரம்பு, மணிக்கு 120 மைல் வேகத்தில் இயந்திரம் அடித்தால் 317 கஜம், கூடவே 3 கஜம் சலுகை. தேறிய பந்துகளின் பட்டியலையும் வெளியிடுகிறார்கள். அதாவது, 150 ரூபாய்ப் பந்தும் 420 ரூபாய்ப் பந்தும் ஒரே வேலிக்குள்தான் ஓடுகின்றன.

கம்ப்ரெஷன் என்று ஓர் எண் சொல்வார்கள். பந்து எவ்வளவு அமுங்கும் என்பதன் அளவு. 40, 50 என்றால் மிருது. 90, 100 என்றால் கெட்டி. 'மெதுவாக அடிப்பவருக்கு மிருதுவான பந்துதான் தூரம் போகும்' என்று கடைகளில் சொல்வார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். அந்த எண், அடிக்கும்போது கைக்குத் தெரியும் உணர்வைச் சொல்கிறது. தூரத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. மெதுவாக அடிப்பவர் எந்தப் பந்தை அடித்தாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் வராது. புதிதாகக் கற்பவருக்குப் பந்தின் நடுவில் அடி விழுந்ததா என்பதுதான் தூரத்தை முடிவு செய்யும்.

"பெரிய டிரைவர் ஸ்டிக்குல இந்த மூணையும் அடிச்சா எது எதுன்னு எனக்கே தெரியாது அம்மணி. வித்தியாசம் தெரியறது கிரீன் பக்கத்துலதான்" என்றார் கேடி அண்ணன்.

கை உணர்வு: 'டக்'கா, 'தப்'பா?

கிரீன் என்பது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல் இருக்கும் இடம். அண்ணன் அங்கே நின்று, சுமார் 20 மீட்டர் தள்ளியிருந்து மூன்று பந்துகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிப் போட்டார். கெட்டி உறை போட்ட டூ பீஸ் பந்து விழுந்து, இரண்டு முறை குதித்து, குழியைத் தாண்டி ஓடியது. மிருதுவான டூ பீஸ் பந்து கொஞ்சம் குறைவாக ஓடியது. யூரித்தேன் பந்து விழுந்தது, ஒருமுறை குதித்தது, யாரோ வாலைப் பிடித்து இழுத்தது போல நின்றது. விலை கூடிய பந்தின் மதிப்பு அந்த நிற்பதில்தான் இருக்கிறது. பின்னோக்கிய சுழற்சி. கால்ஃப்காரர்கள் ஸ்பின் என்பார்கள்.

நானும் ஆசையாக மூன்றையும் அடித்துப் பார்த்தேன். மூன்றும் மூன்று திசையில் ஓடின. யூரித்தேனும் ஓடியது, சர்லினும் ஓடியது. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதுவே எனக்கான பதில். பந்தில் இருக்கும் ஸ்பின்னை வெளியே எடுக்க ஆடுபவரின் கையில் சரக்கு இருக்க வேண்டும். விலை உயர்ந்த துணியை நேற்று கத்தரி பிடித்தவரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? அதே கதைதான்.

அடுத்து, குழியை நோக்கித் தரையோடு உருட்டும் அடி. இதற்குப் பட் என்று பெயர். கெட்டிப் பந்தில் 'டக்' என்று சத்தம் வந்தது. மிருதுப் பந்தில் 'தப்' என்று அடங்கிய சத்தம். இதில் சரி, தப்பு இல்லை. சத்தத்தை வைத்துத்தான் நம் மனம் வேகத்தைக் கணக்குப் போடுகிறது. உங்கள் காதுக்கும் கைக்கும் எது ஒத்துப்போகிறதோ அது. கடையில் வாங்கும் முன் பட்டர் ஸ்டிக்கால் நாலு முறை உருட்டிப் பார்க்க விடச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தச் சின்ன அடிக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்கிறீர்களா? ஒரு முழு ஆட்டத்துக்கு பொதுவாக 72 அடி என்று கணக்கு வைப்பார்கள். அதில் ஒரு ஹோலுக்கு 2 வீதம் 36 அடி கிரீனில் உருட்டுவதற்கே ஒதுக்கியது. சரிபாதி! 250 கஜம் பறக்கும் அடியும் ஓர் அடி, இரண்டு சாண் உருளும் அடியும் ஓர் அடி.

2021 ஆகஸ்ட் 7 ஞாபகம் இருக்கிறதா? அதிகாலையில் எழுந்து, விதி தெரியாமலே நாடு முழுக்க கால்ஃப் பார்த்த நாள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருப் பெண் அதிதி அசோக் ஒரே ஓர் இடத்தில் பதக்கத்தைத் தவறவிட்டு 4-வதாக வந்தார். கேடியாகப் பையைத் தூக்கி நடந்தது அவருடைய அம்மா. அந்தப் போட்டியில் தூரம் அடிப்பதில் அதிதி கடைசி வரிசை. பட் உருட்டுவதில் முன்வரிசை. உலகின் பெரிய வீராங்கனைகளைக் கிரீனில்தான் துரத்தினார். அதனால் பந்து தேர்வு செய்யும்போது தூரத்தில் ஆரம்பிக்காமல், குழிக்குப் பக்கத்தில் இருந்து பின்னோக்கி யோசியுங்கள்.

பட்ஜெட்: காதர்பேட்டை கணக்கு

இப்போது விஷயத்துக்கு வருவோம். நான் விசாரித்தவரை ஏறக்குறைய விலை இப்படி. பிராண்டுக்கும் கடைக்கும் தகுந்து கூடும், குறையும்.

* யூரித்தேன் உறை, முன்னணி பிராண்டு: டஜன் 5,000 ரூபாய் வாக்கில். ஒன்று 420.
* டூ பீஸ், நல்ல பிராண்டு: டஜன் 1,800 ரூபாய் வாக்கில். ஒன்று 150.
* மைதானத்தில் கிடைத்து, கழுவித் துடைத்து விற்கும் பழைய பந்து: நிலைமையைப் பொறுத்து ஒன்று 50 முதல் 100.

தம்பி தொலைத்த ஏழு பந்தை டூ பீஸில் தொலைத்திருந்தால் 1,050 ரூபாய். 70 ரூபாய் பழைய பந்தில் தொலைத்திருந்தால் 490. ஆட்டம் அதேதான் இருந்திருக்கும். நெஞ்செரிச்சல் மட்டும் ஆறில் ஒரு பங்கு!

பழைய பந்து வாங்குவது கேவலம் இல்லை. ஆனால், காதர்பேட்டையில் துணி எடுக்கும் கவனம் வேண்டும். 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' எது, 'செகண்ட்ஸ்' எது, சாயம் போனதை மறுபடி டை பண்ணியது எது என்று கண்டுபிடிக்கிற திருப்பூர்க்காரருக்கு இது ஒன்றும் கஷ்டம் இல்லை.

* கழுவிய பந்து: அழுக்கு மட்டும் எடுத்தது. பழைய பெயிண்ட், பழைய எழுத்து அப்படியே இருக்கும். தாராளமாக வாங்கலாம். ரொம்ப நாள் தண்ணீருக்குள் கிடந்ததாக இருந்தால் கொஞ்சம் தூரம் குறையலாம். வெடிப்போ வெட்டோ இருந்தால் வேண்டாம்.

* மறுபடி பெயிண்ட் அடித்த பந்து: பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, புதிதாகப் பெயிண்ட் அடித்து, பிராண்டு பெயரையும் திரும்ப அச்சிட்டது. பளபளவென்று இருக்கும். குழிகளுக்குள் பெயிண்ட் அடைத்திருந்தால் பறக்கும் விதமே மாறிவிடும். விளம்பரத்தில் 'ரீஃபினிஷ்டு' என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

* எக்ஸ் அவுட் பந்து: கம்பெனியிலேயே ரிஜெக்ட் ஆனது. எழுத்து கோணலாக விழுந்தது, பெயிண்டில் புள்ளி என்று பெரும்பாலும் வெளித்தோற்றக் குறை. பிராண்டு பெயர் மேல் வரிசையாக எக்ஸ் குறி அடித்துக் குறைந்த விலைக்கு விடுவார்கள். வெளிநாடுகளில் அதிகம் கிடைக்கும். நம்ம ஊர் செகண்ட்ஸுக்கு அண்ணன் தம்பி. போட்டிக்கு ஆகாது, கற்றுக்கொள்ளத் தாராளம்.

* பாதி விலைக்குப் புத்தம் புது முன்னணி பிராண்டு: சந்தேகப்படுங்கள். பனியனில் டூப்ளிகேட் லேபிள் உண்டு என்றால் பந்தில் இருக்காதா?

அப்போ, யாருக்கு எது?

1. இப்போதுதான் கற்கிறீர்களா? கழுவிய பழைய பந்து அல்லது விலை குறைந்த டூ பீஸ். ஓர் ஆட்டத்துக்கு நாலு பந்துக்கு மேல் தொலைக்கும் வரை யூரித்தேன் பக்கமே போக வேண்டாம்.

2. இரண்டு, மூன்று பந்துதான் தொலைகிறதா? மிருதுவான டூ பீஸ், அல்லது கெட்டி உறை போட்ட த்ரீ பீஸ். கை உணர்வும் கிடைக்கும், பர்ஸும் தாங்கும்.

3. ஒரே பந்தில் பல ஹோல் ஆடுகிறீர்களா? கிரீனில் பந்தை நிறுத்தத் தெரிந்துவிட்டதா? இப்போது யூரித்தேன் வாங்குங்கள். அதிலும் முதலில் மூன்று பந்து கொண்ட ஒரு ஸ்லீவ். பிடித்தால் டஜன்.

4. குழந்தைகளுக்கா? மொட்டை மாடியிலும் தெருவிலும் நிஜ கால்ஃப் பந்து வேண்டவே வேண்டாம். கல் மாதிரி போய் விழும். பஞ்சு போன்ற ஃபோம் பயிற்சிப் பந்து கிடைக்கிறது, அது போதும்.

5. பெண்களுக்குத் தனிப் பந்தா? 'லேடீஸ்' என்று எழுதியிருந்தாலும் அளவுக்கும் எடைக்கும் விதி ஒன்றுதான். நிறம் பிடித்திருந்தால் வாங்குங்கள். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

எதை வாங்கினாலும் ஒரே வகையில் நில்லுங்கள். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாற்றினால் எந்த அடிக்கு எவ்வளவு ஓடும் என்று கைக்குப் பழகாது. லாட் மாறினால் ஷேடு மாறும் என்று நமக்குத் தெரியாதா! அப்புறம், பந்தில் உங்கள் அடையாளத்துக்கு மார்க்கர் பேனாவால் இரண்டு புள்ளி வையுங்கள். மே மாத வெயிலில் காருக்குள் பந்தைப் போட்டு வைக்காதீர்கள். சூடு பந்துக்கு நல்லதல்ல.

பயம் இல்லாத பந்து

கேடி அண்ணனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "எது நல்ல பந்துண்ணா?"

"தொலைஞ்சாலும் அடுத்த அடி ஒழுங்கா அடிக்கற தைரியம் எந்தப் பந்துல வருதோ அதுதான் அம்மணி. பந்து போயிருமோன்னு பயந்தா தோளு இறுகிரும். தோளு இறுகினா பந்து போயிரும்."

இந்தியாவின் பெரிய கால்ஃப் வீரர்களில் ஒருவரான எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா, 1829-ல் ஆரம்பித்த ராயல் கல்கத்தா கால்ஃப் கிளப்பில் புல்வெளியைப் பராமரித்தவர். மகன் அங்கேதான் ஆடக் கற்றார். 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு முறை இந்தியன் ஓப்பன் பட்டம் வென்றார். 2009-ல் அதே பட்டத்தை வென்ற சி.முனியப்பா, கேடியாக இருந்து வந்தவர். பெட்டி பிரிக்காத பந்தில் ஆரம்பித்தவர்கள் இல்லை இவர்கள்.

நம் தம்பிக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை இதேதான் நடந்தது. ஏழாவது பந்து போனதும், கூட வந்த கேடி தன் பையிலிருந்து மூன்று பழைய பந்தை எடுத்துக் கொடுத்தார். "இதுல அடிங்க சார். தொலைஞ்சா தொலையட்டும்." அதற்கப்புறம் ஒன்பது ஹோலில் இரண்டுதான் தொலைந்தது.

அதைவிட ஆச்சர்யம் ஒன்றும் நடந்தது. ஒரு ஹோலில் பையரின் பந்தும் தம்பியின் பந்தும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பையரின் பந்தைத் தம்பி குனிந்து பார்த்தார். பிராண்டு பெயர் மேல் வரிசையாக எக்ஸ் எக்ஸ் எக்ஸ். ரிஜெக்ட் பந்து!

"நம்ம பிரிண்ட் ரெண்டு மில்லிமீட்டர் நகந்தா மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புற மனுசன்க்கா! கேட்டேன். சிரிச்சுட்டு, 'நான் அடிக்கற அடிக்கு இது போதும்'னாரு. ஊருக்குப் போறப்ப எனக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போனாரு."

"ஆர்டர்?"

"சாம்பிள் ஆர்டர் வந்துருக்குங்க்கா."

"கால்ஃப் ஆடினதாலயா?"

"இல்லீங்க்கா, வெல கம்மியாப் போட்டதால."

மிச்சமிருக்கும் விலை உயர்ந்த ஐந்து பந்துகளைத் தம்பி பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். ஒரே பந்தில் ஒன்பது ஹோல் ஆடும் நாளில் எடுப்பாராம். அதுவரை கழுவிய பந்துதான்.

பையர் கொடுத்த எக்ஸ் பந்தை அம்மாவிடம் காட்டினாராம். அவர் அதை வாங்கி, டியூப் லைட் வெளிச்சத்தில் பிடித்து, செக்கிங் டேபிளில் துணியைப் பார்ப்பது போல மேலும் கீழுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

"இதுல என்னடா குத்தம்? ஒண்ணுமே தெரியல. நானா இருந்தா பாஸ் பண்ணியிருப்பேன்."

அடுத்த வாரம்: பிரஷர் குக்கருக்குக் கேஸ்கெட் வாங்கும் முன்...